வயலுக்குப் பாடா பேசிய அண்ணனுக்கு

கோபத்திலும் கொஞ்சலிலும் என்னை ‘ஏட்டி’ என்றே கூப்பிட்ட என் சுடலை அண்ணே,

நலமா என்று கேட்க முடியாது. போன இடத்தில் மூட்டுவலியாவது இருக்காது என்று நம்புகிறேன். இங்கே தாராவியில் பொங்கல் இப்போதுதான் முடிந்தது. தொண்ணூறடி ரோட்டில் அடுப்புக்கு வைத்த செங்கற்களை இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஓரமாகக் கரி பிடித்துக் கிடக்கின்றன. நீ இல்லாமல் வந்த இரண்டாவது பொங்கல். பானைகளை வரிசையாக வைத்தபோது, நீ வழக்கமாக நின்று எல்லோரையும் அதட்டுகிற அந்தத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் யாரும் நிற்கவில்லை. கடைசியில் நானே போய் நின்றேன். அதட்டத்தான் வரவில்லை.

என் பானைக்கு அடுத்த பானை யாருடையது என்று சொன்னால் நம்ப மாட்டாய். இசக்கியுடையது. ஊரில் நம்முடைய கிணற்று மேட்டு வயலைப் பயிர் செய்தாளே, சித்தப்பா வழியில் நமக்குத் தங்கச்சி முறை ஆகிறவள், அதே இசக்கிதான்.

“அவ எதுக்குட்டி அங்க வந்தா? வயல யாரு பாக்கா?” என்று நீ கேட்பது என் காதில் விழுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லாமலே இருந்திருக்கலாம். நீ நிம்மதியாகப் போய்ச் சேர்ந்த ஆள். ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த வயல் அப்பா நம் இருவருக்கும் பொதுவாக விட்டுப்போனது. இசக்கி அதை வாரத்துக்குச் செய்துவந்தாள். விளைந்ததில் பாதி அவளுக்கு, பாதி நமக்கு. மழை பொய்த்த வருஷங்களில் நம் பாதி என்று வந்தது ஒரு சாக்குக்கூட நிறையாது. “வித்துத் தொலைங்க” என்று மதினி இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். நீதான் கேட்கவில்லை. பை தைத்துச் சேர்த்த பணத்தில் வயலில் போர் போட்டாய், மோட்டார் வைத்தாய், புது ரக விதை வாங்கிக் கொடுத்தாய். அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் இசக்கி போன் செய்தாள். நீ ஸ்பீக்கரில் போட்டுப் பட்டறையில் எல்லோரையும் மெஷினை நிறுத்தச் சொன்னாய்.

“அண்ணே, களத்துல எடம் பத்தலண்ணே! ரோட்டுல கொண்டு போய்க் காயப் போட்டிருக்கோம்!”

நீ குதித்த குதியில் மூட்டுவலி எங்கே போயிற்றோ. எதிரே ஜிப்பும் பக்கிளும் விற்கிற என் கடைக்கு வந்து, ஏதோ நான் மறுத்துப் பேசியதைப் போல என்னிடம் வழக்காடினாய்.

“ஏட்டி தங்கம், இந்தப் பட்டறைக்கு நான் மாசம் பாடா குடுக்கேன். கொஞ்சம் பை தச்சாலும் அதே பாடா, கூரை முட்டத் தச்சாலும் அதே பாடா. சேட்டு என்னைக்காவது வந்து ‘தச்சதுல பாதியக் குடு’ன்னு கேட்டானா? கேட்டிருந்தா நான் இன்னைக்கும் எவன் பட்டறையிலயாவது நூல் வெட்டிக்கிட்டுல்லா கெடப்பேன்? இசக்கி மட்டும் எதுக்குப் பாதிய அளக்கணும்? இனி வாரம் கெடையாது. கட்டுக்குத்தகை. வருசத்துக்கு இவ்வளவுன்னு ஒரு துட்டு, அம்புட்டுத்தான். மேல வெளையுறது பூரா அவளுக்கு.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தாராவியில் பிழைத்தவர்களில் யாருக்குத்தான் படாது? பாடா என்று மாத வாடகைக்கு ஒரு மூலை கிடைத்தால் போதும், மிச்சம் நம் கை வேலை. அப்படித்தானே நீயும் நானும் தலையெடுத்தோம். குத்தகைத் தொகையையும் நீ கூட்டிக் கேட்கவில்லை. போருக்கு முன், மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் நமக்கு வந்த பாதி என்ன விலைக்குப் போகுமோ, அதையே தொகையாக வைத்தாய். ஊரில் இதைவிடக் குறைவாக யார் கேட்டிருப்பார்கள்?

“நெசமாவாண்ணே? கூடுனது பூரா எனக்கா?” என்று கேட்டுவிட்டு இசக்கி போனிலேயே அழுதாள். நீயும் அழுதாய், நான் பார்த்தேன். ஜிப் எண்ணுகிற சாக்கில் நான் திரும்பிக்கொண்டேன்.

முதல் வருஷம் நீ நினைத்தபடியே நடந்தது. அவள் ஒரு கறவை மாடு வாங்கினாள். மகளை நர்சிங் படிப்பில் சேர்த்தாள். அந்தப் பொங்கலுக்கு, புரட்டாசியில் அறுத்த கார் நெல்லைக் குத்தி லாரியில் நமக்கு அரிசி அனுப்பினாள். நீ அதை ஒரு தாம்பாளத்தில் கொட்டிக்கொண்டு ரோட்டில் இருந்த ஒவ்வொரு பானையிலும் ஒரு கை போட்டுக்கொண்டே போனாய். “நம்ம போர்த் தண்ணி, நம்ம வெளைச்சல்!” நாடார் பானை, தேவர் பானை, மராத்திக்காரி பானை, ஒன்றையும் விடவில்லை. அன்றிலிருந்து அது நம் வரிசைக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. பொங்கலுக்கு நம் வயல் அரிசி ஒரு கை வந்தால்தான் பானை பொங்கும் என்று இப்போது ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள்.

அடுத்த வருஷம்தான் கதை திரும்பியது. நமக்கு அப்போது தெரியவில்லை. நம் வயலைப் பார்த்து அக்கம்பக்கத்தார் எல்லோரும் போர் போட்டார்கள், அதே விதையை வாங்கினார்கள். அந்த வயல்வெளி முழுக்க ஒரே நேரத்தில் விளைந்து ஒரே நேரத்தில் களத்துக்கு வந்தது. நெல்லைக் கேட்பார் இல்லை. அரசுக் கொள்முதலில் போடலாம் என்றால், முறை வருகிற வரை மூட்டைகளை வைத்துக் காக்க இசக்கிக்கு இடம் ஏது, ஆள் ஏது? அவள் புருஷன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். உரக்கடைக்காரருக்கும் நமக்கும் உடனே துட்டு வேண்டும். ஈரம் காயுமுன் களத்திலேயே ரைஸ்மில்காரர் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டாள்.

மில்காரர் தப்பானவர் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் குடோன் இருந்தது, காத்திருக்க முடிந்தது, அவ்வளவுதான். ஆடி ஆவணியில் விலை ஏறியதும் விற்றார். அந்தப் பணத்தில் கதிரறுக்கிற மெஷின் வாங்கினார். மெஷின் வந்ததும் ஊரில் அறுப்பு வேலைக்குப் பெண்களைக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. இசக்கி நம் வயல் போக மற்ற வயல்களுக்கும் அறுக்கப் போய்க் கூலியாக நெல் வாங்கி வருவாள் இல்லையா, வருஷத்தில் பாதிச் சாப்பாடு அவர்களுக்கு அதுதான். அதுவும் போயிற்று. கூட விளைந்தால் எல்லோருக்கும் கூடும் என்றுதானே நினைத்தோம்? கூடியது எங்கே போயிற்று அண்ணே?

கொஞ்சம் நம் வீட்டுக்கும் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மாட்டுங்கா கடையில் அரிசி விலை இறங்கிவிட்டது என்று நான் ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். “சட்டுனு ரெண்டு சிப்பம் வாங்கிப் போடுண்ணே, நல்ல காலம் பொறந்திருக்கு” என்றேன். வாங்கிப் போட்டோம். அது யாருக்கு நல்ல காலம் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்த ஐப்பசியில் நீ படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இசக்கிக்கு ஒரு வழி பண்ணிட்டேன்ட்டி. அது போதும் எனக்கு” என்றாய். கால்மாட்டில் உன் மகன் கார்த்திக் நின்றிருந்தான். அந்தத் திருப்தியோடு நீ கண்ணை மூடினாய். அதை இப்போது நானே கெடுக்கிறேன். என்னைப் பொறுத்துக்கொள்.

நீ போன மறுமாதமே, மார்கழியில் ஊரில் வெள்ளம். நட்ட பயிர் மூழ்கி அழுகி, வயலில் மணல் ஏறிவிட்டது. வாரமாக இருந்திருந்தால் ஒன்றுமில்லாததில் பாதி ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்போம். இது கட்டுக்குத்தகை. தொகை தொகைதான். மாசி முடிந்ததும் சொன்ன தேதியில் பணம் கார்த்திக்குக்கு வந்தது. அவன் எனக்கு போன் செய்தான்.

“பக்கா பார்ட்டி அத்தை! டயத்துக்குப் போட்டுட்டாங்க.”

“அண்ணன் பாத்து வச்ச ஆளுல்லா” என்றேன் நானும் பெருமையாக. விளையாத வயலிலிருந்து பணம் எப்படி வந்தது என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை. மாட்டை விற்றுக் கொடுத்திருக்கிறாள் அண்ணே. மாட்டையும் கம்மலையும். வெள்ளம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டுவிட்டிருக்க மாட்டோமா என்று பிறகு கேட்டேன். “அண்ணன் எனக்குக் குடுத்த வார்த்தைய நான் எப்படிக்கா ஒடைக்க? செத்த மனுசன்ட்ட யாரு போய்ப் பேச?” என்றாள். ஆமாம், அவளுக்கு நீதான் கணக்கு. எங்களை அவள் ஓர் ஆளாகவே நினைக்கவில்லை.

சித்திரையில் அவளே போன் செய்து, “முடியலக்கா, வயல வேற யாருக்காவது குடுத்துக்கிடுங்க” என்றாள். அந்த வாரமே மில்காரர் எடுத்துக்கொண்டார். நீ பேசியதைவிடக் கூடுதல் குத்தகை, அதுவும் முன்பணமாக நேரே பேங்கில். சுற்றியுள்ள வயல்களோடு சேர்த்து உழுது, மணலை வாரி, மெஷின் விட்டு அறுத்தார். இசக்கி காலத்தைவிட நன்றாகவே விளைந்திருக்கிறது. கார் அறுப்பை வீடியோ எடுத்து, பாட்டெல்லாம் போட்டு கார்த்திக்குக்கு அனுப்பியிருந்தார். நீ பார்த்திருந்தால் அழுதிருப்பாய், அவ்வளவு நெல்.

இசக்கி ஆடி மாதம் ரயிலேறி தாதரில் வந்து இறங்கினாள். மகளின் ஹாஸ்டலுக்குக் கட்ட வேண்டும், ஊரில் கூலியும் இல்லை. இப்போது என் வீட்டின் மேல்தட்டில் படுத்துக்கொள்கிறாள். வேலை எங்கே என்கிறாய்? நம் சந்திலேயே, ஜீன்ஸ் தைக்கிற பட்டறையில். நூல் வெட்டுகிற வேலை. நீ அன்றைக்குக் கடை வாசலில் நின்று சொன்னாயே, அதே வேலை. அவள் ஒரு குறையும் சொல்வதில்லை. “வெயில்ல நிக்காண்டாம், வானத்தப் பாக்காண்டாம், சனிக்கெழம ஆனா கைல துட்டு” என்கிறாள். நாலு திட்டு திட்டினாள் என்றால்கூட எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு இறங்கும்.

சரி, பொங்கலுக்கு வருகிறேன். கார்த்திக் கோபர்கைரனேயிலிருந்து பெண்டாட்டியோடு வந்தான். வழக்கத்தை விடாமல் மில்காரர் நம் வயல் அரிசியை மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறார். உன் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, உன்னைப் போலவே ஒவ்வொரு பானையிலும் ஒரு கை போட்டுக்கொண்டு வந்தான். இசக்கியை அவன் பார்த்ததில்லை. அவன் போனில் அவள் ‘இசக்கி வயல்’ என்று ஒரு நம்பர், அவ்வளவுதான். அவள் பானைக்கு வந்தபோது அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

“எந்த ஊரு அரிசிப்பா?”

“நம்ம வயல்ல விளைஞ்சது ஆன்ட்டி. எங்க டாடி போர் போட்ட ஃபீல்டு. செம ஈல்டு!”

அவள் கையில் விழுந்த அரிசியில் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். “நல்லா வெளைஞ்சிருக்கு. அண்ணனுக்குச் சந்தோசமா இருக்கும்” என்றாள். பானையில் போட்டாள். எல்லோரும் குலவை போட்டபோது அவளும் போட்டாள்.

யார் என்று நான் சொன்னதும் கார்த்திக் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “அரே… நீங்களா?” என்று அப்படியே நின்றுவிட்டான். பிறகு அவள் பானைக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தான். நல்ல பிள்ளைதான் அண்ணே, உன் பிள்ளை. அதனால்தான் எனக்கு இன்னும் வருத்தம்.

சாப்பிட்ட பிறகு வீட்டில் வைத்துப் பேச்சை எடுத்தேன். மில்காரரின் குத்தகை வைகாசியோடு முடிகிறது. இனி ஒரேயடியாகப் பல வருஷத்துக்குக் கேட்கிறார். “திரும்ப இசக்கிகிட்டயே குடுத்துருவோம்டா. பழையபடி வாரம்” என்றேன்.

“அத்தை, சென்டிமென்ட் எனக்கும் புரியுது. பட் ஃப்ளாட் இஎம்ஐ இருக்குல்ல? குத்தகைப் பணம் வந்தாத்தான் அது ஓடும். வாரம்னா எவ்ளோ வரும்னு யாருக்குத் தெரியும்?”

“அது தெரியாததுதான்டா வாரம். தெரியாதத ரெண்டு பேரும் பாதி பாதியாச் சுமக்கணும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “உங்க பாதி உங்க இஷ்டம் அத்தை. என் பாதி… என்னால முடியாது. ஸாரி.”

அவனைத் திட்டியும் பயன் இல்லை. அவனுக்கு பேங்க் மாதத் தவணை என்று ஒரு தொகை வைத்திருக்கிறது, மழை வெயில் பார்க்காமல் கேட்கிற தொகை. அதைக் கட்ட அவனுக்கும் அப்படியே வருகிற ஒரு பணம் வேண்டும். மில்காரரால் அது முடியும், இசக்கியால் முடியாது. வயல் யாருக்குப் போகும் என்று முடிவாக இது போதும். வைகாசி கழிந்ததும் அதே வயலில் வரப்பு போட்டு இரண்டாக்க வேண்டும். நீ போட்ட போர் அவன் பாதியில்தான் இருக்கிறது. அதைக் கேட்டபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தான். “தண்ணி காமன் அத்தை. டாடி போட்டது. மில்காரர்ட்ட நான் பேசுறேன்” என்றான். அந்த அளவுக்கு உன் ரத்தம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவி, உன் நல்ல மனசை எங்கே கொண்டு போய் வைத்தாய் என்றுதான் மனது அடித்துக்கொள்கிறது. வயலையும் ஒரு பட்டறை என்று நினைத்துவிட்டாய். நானும்தான். பட்டறைக்கு மேலே தகரம் உண்டு. வயலுக்கு மேலே வானம்தான் உண்டு. கூடுவதை எல்லாம் அவளுக்குக் கொடுத்தோம் என்று பூரித்தோம். குறைவதையும் மொத்தமாக அவள் தலையிலேயே வைத்தோம் என்று ஏன் நம் ஒருவருக்கும் தோன்றவில்லை?

கார்த்திக் போன பிறகு இசக்கியிடம் சொன்னேன். “என் பாதிய வாரத்துக்கு நீ செய்யி. தண்ணி உண்டு. காருக்கு நாத்துப் பாவுறதுக்குள்ள ஊருக்குப் போயிரு.” சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பானையின் கரியைச் சுரண்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

“அக்கா, வெளைஞ்சா பாதி கேக்க ஆள் வரும். வெளையாமப் போனா, பாதி அழ நீ வருவியா?”

அவள் மாட்டை விற்றுக் கட்டிய குத்தகையில் என் பங்குக்கு வாங்கிய ஃபேன் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, வருவேன் என்று எந்த முகத்தோடு சொல்ல? அதற்குள் அவள் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அதனால்தான் முதலில் உன்னிடம் சொல்கிறேன். நீ சாட்சியாக இரு. விதையில் பாதி, உரத்தில் பாதி என் செலவு. விளைந்தால் களத்தில் நிற்கிற குவியலில் பாதிக்குமேல் ஒரு மணி தொட மாட்டேன். மழை ஏமாற்றினால், வெள்ளம் வந்தால், விலை விழுந்தால், கடையைச் சாத்திவிட்டு ரயிலேறிப் போய் அந்தச் சேற்றில் அவள் பக்கத்தில் உட்காருவேன். என் பாதியை நான் அழுவேன் அண்ணே. இன்று வேலை முடிந்து அவள் படியேறி வந்ததும், அவளிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் அவள் இஷ்டம். நம்ப வைக்க வேண்டியது இனி என் பாடு.

விளைச்சலில் மட்டும் பங்கு வாங்கித் தின்ற,
உன் தங்கச்சி
தங்கம்